நாற்பத்தொன்றில் ஒருவர் இருந்தார்

லண்டனில் மாணவர் விடுதிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இத்தனை தமிழர்கள் இருக்கிறோம் என்பது, அந்த வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதுங்கோ அண்ணை என்றீர்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு. அது ஓய்வு பெறும் வயதல்ல, ஓடிப்போகும் வயது. நான் ஓடிப்போனவன்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் தெரியும். நான் பகிடிக்காரன், எதற்கும் வேடிக்கை பேசுகிறவன். வேலையிடத்தில் என் பெயரைவிட என் பகிடிகள் பிரசித்தம். பகிடிகள் கொஞ்சம் வரும், தடுக்க எனக்கு ஏலாது. ஆனால் நான் எழுத வந்தது வேறு. நெருப்புப் பிடித்த கட்டடத்துக்குள் ஒரு மனிதரை விட்டுவிட்டு, வெளியே புல்வெளியில் நின்று நான் பகிடி விட்டதைப் பற்றி எழுத வந்தேன்.

முதலில் என் பயத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம் நெருப்பு மணி அடித்தது. அப்படி அடித்தால் பொறுப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மேசையில் இருக்கும் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஆட்களைச் சரிபார்ப்பது. நான் ஓடினேன். எதிரே தேவாலயத்துப் புல்வெளியில் போய் நின்று மூச்சு வாங்கினேன். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். கையில் கேத்தில் இருந்தது. தேநீருக்குத் தண்ணீர் நிரப்பிய கேத்தில். பட்டியல் மேசையில். ஒரு மாணவி மிகுந்த மரியாதையோடு, தேநீர் தருவீர்களா என்று கேட்டாள். தீயணைப்பு வண்டியில் வந்தவர் கேத்திலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நெருப்பை நீங்களே அணைக்கப் போகிறீர்களா என்றார். யாரோ டோஸ்டரில் பாணைக் கருக்கிய புகைக்கு அடித்த மணி அது. ஒரு மாதம் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாக நான்தான் சிரித்தேன். பயத்தைச் சிரிப்பால் மூடலாம் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தேன். அது எவ்வளவு மோசமான கண்டுபிடிப்பு என்பது தெரிய இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

கட்டடத்தைச் சொல்ல வேண்டும். டூட்டிங்கிலிருந்து அதிக தூரமில்லை, நோர்தேர்ண் லைன் ரயில் பாதைதான். நூறு வயதைத் தாண்டிய செங்கல் கட்டடம். ஐந்து மாடி. வசதியான குடும்பங்களுக்கென்று கட்டிய தொடர்மாடி வீடுகள். வாசலில் கறுப்பு வெள்ளைக் கல், நடுவில் தேக்குக் கைப்பிடி வைத்த அகலமான படிக்கட்டு. இங்கே இந்த மாதிரிக் கட்டடத்தை மான்ஷன் என்பார்கள். என் உதவியாளர் கவிதா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, மேற்படிப்புக்கு வந்து அப்படியே வேலையில் சேர்ந்தவர், சேர்ந்த அன்றே சொன்னார்: "எங்க ஊர்ல மேன்ஷன்னா பேச்சிலர்ஸ் தங்குற இடம் சார். லுங்கி காயும். இப்பத்தான் இது நிஜமான மேன்ஷன் ஆயிருக்கு."

உண்மைதான். ஒரு கம்பனி அதை வாங்கி, ஒவ்வொரு வீட்டையும் நாலு ஐந்து அறைகளாகக் கூறு போட்டு, அறைக்கு ஒரு குளியலறை வைத்து, பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்தது. படிக்கட்டு மட்டும் பழம்பெருமைச் சின்னம், சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அதன் அழகைக் கெடுக்கக் கூடாது என்பதால் மாடிக்கு மாடி புகை தடுக்கும் கதவு போட முடியவில்லை. அந்தக் கைப்பிடிக்கு இருந்த பாதுகாப்பு அதைப் பிடித்து ஏறுகிறவர்களுக்கு இல்லை.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், மிச்சமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பழைய காலத்தில் அந்த வீடுகள் ஒவ்வொன்றும் தடித்த சுவர் வைத்த தனிப் பெட்டி. பக்கத்து வீட்டில் நெருப்பென்றால் உங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். அதுதான் அன்றைய விதி, அன்றைக்குச் சரியான விதி. குளியலறைக் குழாய்களுக்காகச் சுவரெல்லாம் துளை போட்ட பிறகு பெட்டிகள் சல்லடைகளாகிவிட்டன. விதி தலைகீழானது: மணி அடித்தால் எல்லோரும் உடனே இறங்க வேண்டும்.

எல்லோருக்கும் புது விதி. ஒருவருக்கு மட்டும் பழைய விதி. அவர் நாற்பத்தோராம் இலக்கத்தில், நாலாம் மாடியில் இருந்தார்.

சிவப்பிரகாசம் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்கு முன்பே வந்தவர். நாங்கள் அகதியாக வந்து குரோய்டன் குடிவரவு அலுவலகத்து வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்ற காலத்தில், அவர் கவுன்சிலில் மூத்த எழுதுவினைஞராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். பிள்ளைகள் இல்லை. பழைய வாடகைச் சட்டப்படி அவரை அங்கிருந்து எழுப்ப யாராலும் முடியாது. கம்பனி கேட்டுப் பார்த்தது, வழக்கறிஞரை வைத்துக் கேட்டது, அவர் அசையவில்லை. கடைசியில் அவரைச் சுற்றிக் கட்டடத்தை மாற்றினார்கள். மாணவர்களுக்கு நடுவில் ஒரேயொரு பழைய வீடு, பழைய கதவு, கதவுக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய அறிவித்தல்: நெருப்பு வேறு வீட்டில் என்றால் உமது வீட்டிலேயே இரும். கீழே கையெழுத்து, முத்திரை.

முதல் தடவை மணி அடித்து அவர் இறங்காதபோது மேலே போய்க் கேட்டேன்.

"ஐயா, மணி அடிச்சா எல்லாரும் வெளியில வரவேணும்."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

"நீர் சொல்லுறது சொல்லு. உந்தச் சுவரில கிடக்கிறது கடிதம்." கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார். "விதியை மாத்தினா எழுத்தில தாரும். கையெழுத்து வைச்சுத் தாரும். நான் நாளைக்கே இறங்கிறன்."

முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்த மனிதர். வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டால் அவருக்குச் சோறு செமிக்காது. நியாயமான கேள்விதானே என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். வழக்கறிஞரிடமிருந்து பதில் வந்தது: நாற்பத்தொன்றுக்கு எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம், அவருடைய உரிமையை நாங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். உயிர் தப்பும் வழியை எழுதிக் கொடுத்தாலும் உரிமை கொடுத்ததாகிவிடுமாம். நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு வருடம் ஆகியிருந்தாலும் வேறொரு காரணம் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பதிலாக நம் ஆட்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன். மேலே போய், தேத்தண்ணி குடித்து, ஊர் விசாரித்து, எந்த ஊர் எந்தக் கோயிலடி என்று பேசி ஒரு உறவைப் பிடித்தேன். என் சித்தப்பா ஒருவர் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவராம். அதன் பிறகு பேரம் பேசினேன்.

"ஐயா, உங்களுக்கு ஒவ்வொரு மணிக்கும் நாலு மாடி இறங்க ஏலாது. முழங்காலும் சரியில்லை. விளங்குது. கிழமைக்கு ரெண்டு தரம் பெடியள் பாணைக் கருக்கினா மணி அடிக்கும். மெய்யான நெருப்பெண்டா நான் உங்களுக்குப் போன் எடுத்துச் சொல்லுறன். அப்ப இறங்கி வருவியளோ?"

அவர் யோசித்தார். "உம்மட சொல்லுக்கு?"

"என்ர சொல்லுக்கு."

"சரி. நீர் எடுத்தா வாறன்."

படியிறங்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழக்கறிஞர்களால் முடியாததை ஒரு கோப்பைத் தேநீரில் முடித்துவிட்டேன் என்று கவிதாவிடம் அளந்தேன். அவர் கேட்டார்: "நீங்க லீவுல இருந்தா சார்?" நான் சிரித்தேன். 

ஆண்டுக்கொருமுறை நெருப்புப் பாதுகாப்பைப் பரிசோதிக்க ஒரு பெண்மணி வருவார். வயதானவர், கறாரானவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கேட்ட கேள்விகளால் வந்தது. அவர் கதவுகளைப் பார்த்ததைவிட என் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு வருடம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, உங்கள் பட்டியலில் இல்லாமல் இந்தக் கட்டடத்தில் படுத்து எழும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று எலி, ஒரு பேய் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேயின் வீட்டு இலக்கம் என்ன என்றார். பேனை தயாராக இருந்தது.

நாற்பத்தொன்று என்றேன்.

அவரைப் பட்டியலில் சேருங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். சேர்க்கப் பார்த்தோம். கணினிக்கு மாணவர் இலக்கம் வேண்டும், அது இல்லாத பெயரை அது விழுங்காது. சரி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக அச்சடிக்கும் பட்டியலின் அடியில் பேனையால் எழுதுவோம் என்று முடிவெடுத்தேன். மூன்று மாதம் எழுதினேன். பிறகு சில வாரம் மறந்தேன். பிறகு, எனக்குத்தானே தெரியுமே, எழுத வேறு வேண்டுமா என்று விட்டுவிட்டேன். புதிதாக வந்தவர்களே, உங்கள் கட்டடத்தில் 'எனக்குத்தானே தெரியுமே' என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் விஷயங்களை இன்றைக்கு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ரயில் ஸ்ட்ரைக். காலையில் இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரம் பிந்தி வேலைக்கு வந்து, ரயில்காரரை எல்லாம் பெயர் சொல்லித் திட்டினேன். இதை நினைவில் வைத்திருங்கள்: ரயில் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மதியம் ஒன்றேகால் இருக்கும். இரண்டாம் மாடியில் ஒரு மாணவன் மின்சார ஸ்கூட்டரின் பற்றரியை அறைக்குள் சார்ஜ் போட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருந்தான். அது வெடித்தது. மணி அடித்தது. இம்முறை என் கை சரியான பொருளை எடுத்தது: பட்டியல். புல்வெளியில் நின்று கவிதா அறை இலக்கங்களைக் கூப்பிட, நான் கோடு போட்டேன். வகுப்புக்குப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், வெளியே நிற்பவர்கள், எல்லாம் பொருந்தியது. ஒரு பெயர் மிச்சமில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கணக்குப் பொருந்தியதேயில்லை. தீயணைப்பு அதிகாரி வந்து, எல்லோரும் வெளியேதானா என்றார். எல்லோரும் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். தலைமை அலுவலகத்துக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: எல்லோரும் பத்திரம். கட்டைவிரல் படமும் போட்டேன்.

கவிதா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"சார். பிரகாசம் அங்கிள்?"

பட்டியலின் அடியைப் பார்த்தேன், பேனையால் எழுதியது ஒன்றுமில்லை. ஆனால் வாய் தன்பாட்டில் பதில் சொன்னது. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. லூயிஷாம் கோயிலுக்குப் போயிருப்பார். ஒவ்வொரு வெள்ளியும் போறவர்."

"போனதைப் பாத்தீங்களா?"

"ஒவ்வொரு வெள்ளியும் போறவர் பிள்ளை."

"இன்னைக்குப் பாத்தீங்களான்னு கேக்கறேன். ட்ரெயின் இல்ல சார் இன்னைக்கு."

"பஸ்ஸில போயிருப்பார்."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் அவருடைய வீட்டுத் தொலைபேசி இலக்கம் இருந்தது. எடுத்துப் பேச அரை நிமிடம் போதும். நான் எடுக்கவில்லை. ஏன் என்று இதைப் படிப்பவர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். எடுத்து அவர் பேசிவிட்டால், அந்த அதிகாரியிடம் திரும்பிப் போய், நான் சொன்னது பிழை, உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய கட்டைவிரலைத் திருப்பி வாங்க வேண்டும். நான் போனை எடுக்காத வரைக்கும் அவர் கோயிலில் இருந்தார். எடுத்தால்தான் வீட்டில் இருப்பார். அந்தக் கணத்தில் என் மூளை இப்படித்தான் வேலை செய்தது, இதைவிடக் கௌரவமான ஒரு விளக்கம் என்னிடம் இல்லை.

அதனால் பயந்தவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பகிடி விட்டேன். செருப்பில்லாமல் ஓடி வந்த ஒரு பையனிடம், நேர்த்திக்கடனோ என்று கேட்டு, அதை ஆங்கிலத்தில் விளக்கினேன். மடிக்கணினியைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் பெயர் வைத்தாயிற்றா என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் மாடி யன்னலிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. கவிதா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் கையை நீட்டினார்.

"நம்பர் குடுங்க. நான் பேசறேன்."

அப்போதுதான் நானே அவருக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஓம்."

"ஐயா, எங்க நிக்கிறியள்?"

"வீட்டு நம்பருக்கு எடுத்துப்போட்டு எங்க நிக்கிறியள் எண்டு கேக்கிறீர்."

"ஐயா, மெய்யான நெருப்பு. இறங்கி வாங்கோ. இப்பவே வாங்கோ."

கொஞ்சம் இருமினார். குரல் பதறவில்லை. "இப்பத்தான் கதவைத் திறந்து பாத்தனான். படி தெரியேல்லை. எல்லாம் புகை. சாத்திப்போட்டு ஈரத் துவாய் வைச்சிருக்கிறன். ஆனா குசினிப் பக்கத்தால வருது, அந்தக் குழாயடியால."

"அப்ப இருங்கோ. அங்கயே இருங்கோ. ஆக்களை அனுப்பிறன்."

"இருக்கிறதோ வாறதோ, ஒண்டைச் சொல்லும்."

"இருங்கோ ஐயா. யன்னலடியில இருங்கோ."

நான் ஓடினேன். அதிகாரியிடம் சொன்னேன். வார்த்தை ஒழுங்காக வரவில்லை, நாலு என்று விரலைக் காட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. எந்தப் பக்கம், தனியாகவா, நடப்பாரா என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டார். பிறகு திரும்பி நடந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

முகமூடி போட்ட இருவர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முகமெல்லாம் கரி. உயிர் இருந்தது. மூச்சு, சல்லடைக்குள்ளால் காற்றுப் போவது மாதிரிக் கேட்டது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போது கவிதா அழுதார். நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் இன்னும் எல்லாம் சரியாகவே பொருந்தியிருந்தது.

தலைமை அலுவலகத்துக்கு நான் செய்தி அனுப்பியது ஒன்று இருபத்து மூன்றுக்கு. அவருக்குப் போன் எடுத்தது ஒன்று முப்பத்து நாலுக்கு. இரண்டும் என் போனில் இருக்கின்றன. பதினொரு நிமிடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விசாரணையில் என்னிடம் கேட்டார்கள்: உள்ளே ஒருவர் இருப்பது தெரிய வந்ததும் என்ன செய்தீர்கள்? உடனே தெரிவித்தேன் என்றேன். பொய்யில்லை. போனில் குரலைக் கேட்ட பிறகுதானே எனக்குத் தெரிய வந்தது. அடுத்த நிமிடமே ஓடிப்போய்ச் சொன்னேன்தானே. பொய் இல்லாமலே பொய் சொல்லும் அந்த வேலையை நான் முதல் தடவையிலேயே கச்சிதமாகச் செய்தேன். அறிக்கையில் 'உடனடியாக' என்று வந்தது. கம்பனி வேறு, மாணவர்கள் அனைவரையும் ஏழு நிமிடத்தில் வெளியேற்றிச் சரிபார்த்ததற்காக என்னைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. கையெழுத்து வைத்த கடிதம். எழுத்தில் கொடுக்க முடியாத கம்பனி அதை எழுத்தில் கொடுத்தது.

கவிதா இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். போகும் நாளில் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"நான் பொய் சொல்லல சார். என்கிட்ட யாரும் கேக்கல. அவ்ளோதான்."

"தெரியும் பிள்ளை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அதுவும் தெரியும்."

"நீங்க ஏதாவது ஜோக் சொல்வீங்கன்னு நெனச்சேன்," என்றார். 

ஐயா நாலு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரல் போய்விட்டது. படி ஏற முடியாது, ஒட்சிசன் இல்லாமல் இருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். குரோய்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வழக்கறிஞர்கள் இத்தனை வருடம் செய்ய முடியாததை நான் பதினொரு நிமிடத்தில் செய்து கொடுத்தேன். நாற்பத்தோராம் வீட்டை உடைத்து, வண்ண வண்ணப் பஞ்சு மெத்தை போட்டு, மாணவர்களுக்குப் படிக்கும் கூடமாக ஆக்கினார்கள். அதன் திறப்பு விழாவுக்கு நான்தான் நாடா பிடித்தேன். அடுத்த வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். உடல்நலம் என்று காரணம் போட்டேன். எல்லோரும் நம்பினார்கள். இதயம் என்று நினைத்திருப்பார்கள்.

வேலையை விட்டு ஒரு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். சும்மா பார்க்க அல்ல, சொல்வதற்குப் போனேன். டூட்டிங்கில் இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போய்ப் பாவமன்னிப்புக் கேட்கவும் நமக்குத் தெரியாது.

யன்னலோரக் கதிரையில் இருந்தார். மூக்கில் குழாய். பாதி ஆளாகியிருந்தார். சித்தப்பா எப்படி என்று கேட்டார். அவர் செத்து மூன்று வருடம், ஆனாலும் நல்ல சுகம் என்றேன். பிறகு சொன்னேன். புல்வெளி, பட்டியல், கவிதா கேட்டது, ரயில் இல்லாதது எனக்குத் தெரிந்திருந்தது, நான் பகிடி விட்டது, எல்லாம். எதையும் குறைக்கவில்லை. 

"பதினொரு நிமிசமோ?"

"ஓம் ஐயா."

"அந்த நேரம் படியில புகை இருந்திருக்காது."

"ஓம்."

குழாயைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். இரண்டு மூச்சுக்கு ஒரு வசனமாகத்தான் அவரால் பேச முடிந்தது.

"நான் மணி அடிச்ச உடனே சப்பாத்துப் போட்டிடுவன். கோட்டும் போட்டுக்கொண்டு, போனடிக் கதிரையில வந்து இருந்திடுவன். நீர் எடுத்தா உடனே இறங்கலாம் எண்டு."

"அண்டைக்கோ ஐயா?"

"ஒவ்வொரு மணிக்கும்."

வாரத்துக்கு இரண்டு தரம், மூன்று வருடம். பெடியள் பாணைக் கருக்கிய ஒவ்வொரு தடவையும் நாங்கள் கீழே நின்று சலித்துக்கொள்ள, அவர் மேலே கோட்டும் காலில் சப்பாத்துமாகப் போனுக்கு முன்னால் இருந்திருக்கிறார்.

"அண்டைக்கு மணக்கத் தொடங்கேக்க போவமோ எண்டு ஒருக்கா எழும்பினனான்," என்றார். "பிறகு இருந்திட்டன். மெய்யான நெருப்பெண்டா தம்பி எடுப்பார்தானே எண்டு."

இடியப்பப் பொதி என் மடியில் சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலை செய்யும் பெண் ஒருவர் வந்து அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அவர் விழுங்கி முடிக்க வெகு நேரம் பிடித்தது.

"இதை ஆருக்குச் சொன்னனீர்?"

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா. உங்களுக்குத்தான்."

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? உந்த வேலைக்கு இனி வாற ஆக்களுக்குச் சொல்லும்."

"ஓம் ஐயா. சொல்லுறன்."

"எப்ப?"

"கெதியில."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பங்குனியில் அவர் காலமானார் என்று இல்லத்திலிருந்து எனக்குச் செய்தி வந்தது. நெருங்கியவர் என்ற இடத்தில் என் இலக்கத்தைக் கொடுத்திருந்தாராம். அதற்குப் பிறகு இன்னொரு பங்குனியும் வந்து போய்விட்டது. அந்த விசாரணை அறிக்கையை எழுதியவர்களின் முகவரி என் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஐயாவைத் தவிர, இதற்கு முன் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீங்கள் நாலு வார்த்தை கேட்டும் மூன்று மாதமாகிறது.